நீரைத் திருத்துவதா, நொதியைத் திருத்துவதா?

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திய இடம் மஞ்சளாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் முக்கியதும் அது சிவந்துபோகும். நன்றாக அலசிவிட்டால் மறுபடி மஞ்சளுக்கே திரும்பிவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த எவருக்கும் பழக்கமான காட்சிதான். ஆரத்தி கரைத்துப் பழகியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்: மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்தால்தான் அந்தச் சிவப்பு வரும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேடையில் ஒரு டம்ளர் மஞ்சள் நீரை வைத்துக்கொண்டு இதையே செய்து பார்த்தேன். அரைக் கரண்டி சலவைத் தூள் போட்டதும் நீர் செங்கல் நிறத்துக்கு மாறியது. அதிலேயே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். ஒரு மூடி போதவில்லை. மூன்றாவது மூடிக்குத்தான், நுரைத்துப் பொங்கிக்கொண்டு, மஞ்சள் திரும்பி வந்தது. எலுமிச்சை விற்கிற விலையில் இதற்காக வீட்டில் வாங்கிய பேச்சு தனிக் கதை.

நிறம் பழையபடி ஆகிவிட்டது, ஆனால் நீர் பழையபடி ஆகவில்லை. சலவைத் தூளின் காரமும் பழத்தின் அமிலமும் ஒன்றையொன்று அடக்கியதில் பிறந்த உப்பு அந்த டம்ளரிலேயே கரைந்து நிற்கிறது. வடிகட்டினால் போகாது, காய்ச்சினால் போகாது. பூஞ்சைகளின் நொதிகளை, அதாவது என்சைம்களை, வெவ்வேறு பிஎச் அளவுகளுக்கு ஏற்றபடி ஆய்வுக்கூடங்களில் ஏன் திருத்துகிறார்கள் என்று கேட்டால், பாதி பதில் அந்த உப்பில் இருக்கிறது.

பிஎச் என்ற அளவுகோல் பிறந்ததே நொதிகளுக்காகத்தான். 1909 இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமிலம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நொதியின் வேகம் தாறுமாறாக மாறியது. அந்தக் ‘கொஞ்ச’த்தை எண்ணில் சொல்ல ஒரு வழி தேவைப்பட்டதால் பிஎச் வந்தது. நீரில் புரோட்டான், அதாவது எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன், எவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது என்பதன் அளவு அது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் ஒரு படி என்பது பத்து மடங்கு. பிஎச் 5க்கும் 8க்கும் மூன்று படிதான் வித்தியாசம் என்று கையால் தள்ளிவிட முடியாது, அது ஆயிரம் மடங்கு.

மஞ்சளில் நடந்ததும் புரோட்டான் கொடுக்கல் வாங்கல்தான். காரநீரில், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் மூலக்கூறு தன் புரோட்டானைக் கைவிடுகிறது, நிறம் மாறுகிறது. அமிலம் சேர்ந்தால் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் புரோட்டானைக் கைவிட ஒரு பிஎச் உண்டு. வேதியியலில் அதைப் பிகேஏ என்பார்கள், நாம் விடுபுள்ளி என்று வைத்துக்கொள்வோம். நொதி ஒரு புரதம், நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அவற்றுள் சில இப்படிப் புரோட்டானைப் பிடிக்கவும் விடவும் தெரிந்தவை. ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்கும் குளுட்டமிக் அமிலத்துக்கும் விடுபுள்ளி 4ஐ ஒட்டி வரும். ஹிஸ்டிடினுக்கு 6க்குச் சற்று மேல், லைசினுக்கு 10ஐத் தாண்டி. ஆக, ஒரு நொதி என்பது வெவ்வேறு பிஎச்சில் நிறம் மாறும் பல மஞ்சள்களை ஒரே கயிற்றில் கோத்தது போன்றது. நிறம் மாறுவதற்குப் பதில் மின்னூட்டம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இனி பூஞ்சை. பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே உமிழ்ந்து, அங்கேயே உணவைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. உயிரணுவுக்குள் நடுநிலையைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியும். வெளியே உமிழ்ந்த நொதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, நீர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலான பூஞ்சைகளோ இருக்கும் இடத்தைப் புளிப்பாக்கிவிடும் பழக்கம் உள்ளவை. வெங்காயத் தோலில் கரிப்பொடியாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கறுப்புப் பூஞ்சைகளின் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் சிட்ரிக் அமிலத்தைக் கொட்டித் தீர்க்கும். உலகச் சந்தைக்கான சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருவது நின்றுபோய் நூறாண்டு ஆகப்போகிறது, பெரும்பங்கு இந்தப் பூஞ்சையிடமிருந்துதான் வருகிறது. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த நொதிகள் பிஎச் 4, 5 என்று அமிலத்தில் சுறுசுறுப்பாக இருப்பதில் வியப்பில்லை.

இயற்கை இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ் இனங்களில் பேக்-சி என்றொரு மரபணு இருக்கிறது. வெளியே காரம் கூடிவிட்டது என்ற தகவல் அதற்கு எட்டியதும், அமிலத்துக்கான நொதிகளை நிறுத்திவிட்டுக் காரத்துக்கான வேறு நொதிகளை உமிழச் சொல்லும். மழைக்கு ஒரு செருப்பு, வெயிலுக்கு ஒரு செருப்பு. மனிதன் கேட்பது வேறு: தனக்குப் பிடித்த ஒரே நொதி, மலிவாகக் கிடைக்கும் அதே நொதி, இன்னொரு பிஎச்சிலும் ஓட வேண்டும் என்கிறான்.

ஒரு நொதி ஏன் குறிப்பிட்ட பிஎச்சில் மட்டும் ஓடுகிறது? கட்டடம் எழும்பும் இடத்தில் படிக்கட்டில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பாருங்கள். கொடுப்பவர் கையில் கல் இருக்க வேண்டும், வாங்குபவர் கை காலியாக இருக்க வேண்டும். இருவர் கையிலும் கல் இருந்தால் வேலை நிற்கும். இருவர் கையும் காலியாக இருந்தாலும் நிற்கும். மாவுச்சத்தையோ மரநாரையோ வெட்டும் பல நொதிகளின் மையத்தில் இப்படி இரண்டு அமில வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவர் புரோட்டானைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னொருவர் விட்டிருக்க வேண்டும். அமிலம் கூடினால் இருவர் கையிலும் புரோட்டான், காரம் கூடினால் இருவர் கையும் காலி. நடுவில், இருவரின் விடுபுள்ளிகளுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் வேலை நடக்கும். வேகத்தை வரைந்து பார்த்தால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த வடிவம் வரும்.

அப்படியானால் அந்த இருவரையும் மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதைச் செய்தால் நொதி செத்துவிடும், ஏனெனில் வேலையே அவர்களுடையது. மாற்ற வேண்டியது அக்கம்பக்கத்தாரை. பக்கத்தில் எதிர்மின்னூட்டம் உள்ள ஒருவர் நின்றால் புரோட்டானைக் கைவிட மனம் வராது, விடுபுள்ளி ஏறும். நேர்மின்னூட்டம் உள்ளவர் நின்றால் சீக்கிரமே விட்டுவிடும், விடுபுள்ளி இறங்கும். ஹைட்ரஜன் பிணைப்பால் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் கணக்கே மாறும். பிஎச் திருத்தம் என்ற கலை முழுவதும் இந்த அண்டை வீட்டு அரசியல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஜப்பானிலிருந்து வருகிறது. ஷோச்சு என்ற சாராயத்துக்கு அங்கே ஆஸ்பர்ஜில்லஸ் கவாச்சி என்ற வெண்பூஞ்சையைப் பயன்படுத்துகிறார்கள். சிட்ரிக் அமிலத்தை அள்ளி விடுவதால் ஊறலில் வேறு கிருமி தலைகாட்டாது. அந்தப் பூஞ்சையின் ஒரு சைலனேஸ், அதாவது தாவர நாரில் உள்ள சைலன் என்ற சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் நொதி, பிஎச் 2.0 இல் உச்ச வேகம் காட்டுகிறது. ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அது. அதன் சங்கிலியில் 37 ஆவது இடத்தில் ஓர் ஆஸ்பார்ட்டிக் அமிலம், மையத்தில் உள்ள வேலையாளை உரசிக்கொண்டு நிற்கிறது. 1998 இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த ஒரே ஓர் அமிலத்தை ஆஸ்பராஜினாக மாற்றினார்கள். இரண்டும் வடிவத்தில் இரட்டைப் பிள்ளைகள், ஒன்று புரோட்டானை விடும், மற்றது விடாது, அவ்வளவே வேறுபாடு. உச்ச வேகப் புள்ளி 2.0 இலிருந்து 5.0க்கு நகர்ந்துவிட்டது. ஓர் அமினோ அமிலத்துக்கு ஆயிரம் மடங்கு.

எல்லா நொதியும் இப்படி இளகிக் கொடுப்பதில்லை. மாவுச்சத்தைக் குளுக்கோஸாக்கும் குளுக்கோஅமைலேஸ் என்ற பூஞ்சை நொதியில், மையத்தில் ஒரு குளுட்டமிக் அமிலத்தின் கையை 411 ஆம் இடத்துச் செரின் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அலனினாக மாற்றிக் கையை விடுவித்தார்கள். கிடைத்த நகர்வு ஒரு படிக்கும் குறைவு. பெரும்பாலான திருத்தங்களின் பலன் இந்த அளவில்தான் இருக்கும். கவாச்சிக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது, லாட்டரியில் வென்றவரின் பேட்டியை மட்டும் அச்சிடுவது போல ஆகிவிடும்.

இந்த வழியைத் திறந்தது பூஞ்சை நொதியல்ல, பாக்டீரியா நொதி. 1985 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆலன் ஃபெர்ஷ்ட்டும் உடன் இருந்தவர்களும் சப்டிலிசின் என்ற புரதம் வெட்டும் நொதியின் மேற்பரப்பில், மையத்திலிருந்து தள்ளியிருக்கும் 99 ஆம் இடத்து எதிர்மின்னூட்டத்தை நீக்கினார்கள். மையத்து ஹிஸ்டிடினின் விடுபுள்ளி சுமார் 0.3 இறங்கியது. இரண்டு ஆண்டுகளில், மேற்பரப்பில் இரண்டு இடங்களை மாற்றி ஒரு முழுப் படி வரை இறக்கிக் காட்டினார்கள். தொலைவில் நிற்பவரும் பேசலாம் என்பதற்கு அதுவே சான்று.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? நொதிக்குப் பிடித்த பிஎச்சுக்கு நீரைக் கொண்டுவந்துவிட்டால் முடிந்தது அல்லவா? ஒரு கரண்டி அமிலம், ஒரு கரண்டி காரம். என் டம்ளரில் நானும் அதைத்தான் செய்தேன். தொழிற்சாலைகளும் அதைத்தான் செய்கின்றன. மாவுச்சத்து ஆலையில் கரைசல் இயல்பாகவே சற்றுப் புளிப்பாக இருக்கும். அதைக் கூழாக்கும் பாக்டீரியா நொதிக்காகக் காரம் ஊற்றி 6ஐ ஒட்டி ஏற்றுவார்கள். பிறகு குளுக்கோஸாக்கும் பூஞ்சை நொதிக்காக அமிலம் ஊற்றி 4.5க்கு இறக்குவார்கள். ஏற்றி இறக்கியதில் உண்டான உப்பைப் பாகிலிருந்து பிரிப்பதற்கென்றே இன்னொரு வரிசைத் தொட்டிகள் வேண்டும். இரண்டு நொதிகளும் ஒரே பிஎச்சில் ஓடினால் அந்தத் தொட்டிகளுக்கு வேலை குறையும்.

சென்னைக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம், தோல் வழியாக. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. பெரியமேட்டில் இன்றும் தோல் வியாபாரம் நடக்கிறது. அடையாறிலிருந்து கிண்டிக்குச் சர்தார் படேல் சாலையில் பஸ்ஸில் போனால், ஒரு பக்கம் ஐ.ஐ.டி., மறுபக்கம் 1948 இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், அதையொட்டி அண்ணா பல்கலைக்கழகம். தோலின் சாரமான கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954 இல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னதும் இதே ஊரில், சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான்.

ஒரு தோல், பச்சைத் தோலாக வந்து பதப்பட்ட தோலாகப் போகும் வழியில் படுகிற பாட்டைப் பிஎச் கணக்கில் சொல்கிறேன். முதலில் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தொட்டி, பிஎச் 12க்கும் மேல். முடி கரைந்து கூழாகும், தோல் நீரைக் குடித்து உப்பும், நார்கள் விரியும். அடுத்து அம்மோனியம் உப்புகளைப் போட்டுச் சுண்ணாம்பை விரட்டி 8ஐ ஒட்டி இறக்குவார்கள். அங்கே தோலை மென்மையாக்க ஒரு நொதிக் குளியல். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நாய் விட்டையும் புறாவின் எச்சமும் கரைத்த நீரில் ஊறப்போட்டார்கள். அந்த எச்சங்களில் வேலை செய்வது செரிமான நொதியே என்று கருதி 1907 இல் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கணையச் சாற்றுக்குக் காப்புரிமை கேட்டார், தோல் ஷாப்புகள் நாய் விட்டையிலிருந்து விடுபட்டன. அதற்குப் பிறகு கந்தக அமிலத் தொட்டி, பிஎச் 3க்கும் கீழே. அமிலத்தில் தோல் மறுபடி உப்பிவிடாமல் இருக்க, தோலின் எடையில் சுமார் 8 முதல் 10 விழுக்காடு உப்பையும் அதில் கொட்டுவார்கள். தோலைப் பதப்படுத்தும் குரோமியம் உள்ளே போனதும் சோடா போட்டு 4ஐ ஒட்டி ஏற்றுவார்கள்.

12க்கு மேலே ஏறி 3க்குக் கீழே இறங்குவது என்றால் ஒன்பது படிகள், நூறு கோடி மடங்கு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் அமிலம், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் காரம், ஒவ்வொரு சந்திப்பிலும் உப்பு. சல்ஃபைடு கழிவில் தவறி அமிலம் கலந்துவிட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும், ஆளையே கொல்லும். பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்புச் சொன்னபோது, ஊர்க் கிணறுகளை உவர்ப்பாக்கிய குற்றவாளிகளுள் இந்த உப்பும் ஒன்று. பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வந்தது, ஆவியாக்கிகள் வந்தன. உப்பு மட்டும் எங்கும் போகவில்லை. பல ரசாயனங்கள் கலந்த கலவை உப்பாக, யாருக்கும் வேண்டாத மூட்டைகளாக, கொட்டகைகளில் கிடக்கிறது. நெம்மேலியில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடித்துக்கொண்டிருக்கும் ஊர் நாம். நல்ல நீரில் உப்பைச் சேர்ப்பது எவ்வளவு சுலபம், எடுப்பது என்ன விலை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2000களின் தொடக்கத்தில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் இந்த ஏற்ற இறக்கத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார்கள். முடி நீக்க ஒரு நொதி, நார்களை விரிக்க அமைலேஸ் என்ற இன்னொரு நொதி, அமிலத் தொட்டியே இல்லாத பதனிடுதல், மூன்றும் பிஎச் 8ஐ ஒட்டியே. மூன்று படிப் பதனிடுதல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். என் பார்வையில் இந்த நகரத்து ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த அழகான யோசனைகளில் ஒன்று அது. ஏனெனில் அது நொதிக்காக நீரை மாற்றவில்லை, முழுத் தொழிலையும் ஒரே நீரில் நடத்தப் பார்த்தது.

பூஞ்சை நொதிகளுக்கு இங்கேதான் சோதனை. ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையின் அமைலேஸ் 1894 இலேயே அமெரிக்காவில் ஜோக்கிச்சி டக்காமினே காப்புரிமை பெற்ற பழம்பெரும் சரக்கு. மலிவு, பாதுகாப்பானது, டன் கணக்கில் கிடைக்கும். ஆனால் அதற்குப் பிடித்தது பிஎச் 5ஐ ஒட்டிய நீர். 8இல் தள்ளாடும். அமிலத்தில் ஓடும் பூஞ்சைப் புரோட்டியேஸ்களுக்கோ, அதாவது புரதம் வெட்டும் நொதிகளுக்கோ, தோலில் வேறோர் இடம் கிடைத்திருக்கிறது: அமிலத் தொட்டி தாண்டி வந்த தோலையும், குரோமியம் ஏறிய நீலத் தோலையும், நடுநிலைக்குக் கொண்டுவராமல் இருந்த பிஎச்சிலேயே மென்மையாக்க அவை உதவுகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாப் பிஎச்சிலும் ஓடும் நொதியே உத்தமம் என்று யாராவது முடிவுக்கு வந்திருந்தால் நான் இங்கே சற்றுத் தடுக்க வேண்டும். தியாகராய நகரில் பனியன் துணிச் சட்டை வாங்கும்போது ‘பயோ வாஷ்’ என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பருத்தித் துணியின் மேலே துருத்தும் பஞ்சு இழைகளைச் செல்லுலேஸ் நொதியால் மேய்ந்துவிடுவதுதான் பயோ வாஷ். திருப்பூரில் அன்றாட வேலை. இதற்கான அமிலச் செல்லுலேஸ் டிரைக்கோடெர்மா ரீசை என்ற பூஞ்சையிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திச் சாமான்களைத் தின்று தீர்த்து மாட்டிக்கொண்ட பூஞ்சை அது. பிஎச் 5ஐ ஒட்டி வேலை செய்யும், அதற்காக அசிட்டிக் அமிலம் ஊற்றுவார்கள். ஹியூமிகோலா இன்சோலன்ஸ் என்ற இன்னொரு பூஞ்சையின் நடுநிலைச் செல்லுலேஸுக்கு அமிலம் வேண்டியதில்லை. விலை கூடுதல், ஆனால் ஜீன்ஸில் கரைந்த நீலச் சாயம் திரும்ப வெள்ளை நூலில் ஒட்டுவது குறைவு.

இப்போது கேள்வி: வேலை முடிந்ததும் இந்த நொதியை எப்படி நிறுத்துவது? நிறுத்தாவிட்டால் பஞ்சு இழையோடு துணியையும் தின்னும், சட்டை பலமிழந்து கிழியும். சோடா உப்பைக் கொட்டிப் பிஎச்சை 10க்கு ஏற்றி, நீரைச் சூடாக்கினால் நொதி அடங்கிவிடும். பிஎச்தான் அங்கே பிரேக். காரத்திலும் ஓடும்படி அந்த நொதியைத் திருத்திக் கொடுத்தால், பிரேக் இல்லாத லாரியைக் கொடுத்த கதை. தோலிலும் அப்படியே, முடியை விடுவிக்கும் புரோட்டியேஸ் நிற்கத் தெரியாமல் கொலாஜனையும் கடித்தால் தோலின் மேற்பரப்பே போய்விடும். ஆகவே தேவைப்படுவது அகலமான மணி வடிவமா, வேறிடத்துக்கு நகர்ந்த மணி வடிவமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அகலம் என்றாலே வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். ஷிஃப்ட் மேஸ்திரியிடம் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்.

நீரை மாற்றவே முடியாத இடம் ஒன்று உண்டு, அது வயிறு. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் போடும் தீவனத்தில் சோளம், மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு இருக்கும். இவற்றில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் அந்தப் பூட்டைத் திறக்கச் சொந்தச் சாவி போதாது. பாஸ்பரஸ் எருவோடு வெளியேறி ஏரி குளங்களில் பாசியை வளர்க்கும், பண்ணைக்காரர் தனியாகப் பாஸ்பேட் வாங்கித் தீவனத்தில் கலப்பார். 1991 இல் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரின் ஃபைட்டேஸ் நொதி தீவனச் சந்தைக்கு வந்தது. விசித்திரமான நொதி அது. பிஎச் 2.5 இல் ஒரு முகடு, 5.5ஐ ஒட்டி ஒரு முகடு, நடுவில் பள்ளம். வயிற்றில் உணவு இறங்கியதும் பிஎச் போய் நிற்பது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான். நமது அதிர்ஷ்டம் அப்படி.

அந்தப் பள்ளத்தைத் தூர்க்க இரண்டு முயற்சிகள். 2002 இல் 300 ஆவது இடத்து லைசினைக் குளுட்டமிக் அமிலமாக்கி, பிஎச் 4 இல் வேகத்தைக் கூட்டினார்கள். 2006 இல் வெளியான இன்னோர் ஆய்வில், 228 ஆவது இடத்துக் குளுட்டமிக் அமிலத்தை எடுத்துவிட்டு அங்கே லைசினை வைத்தார்கள். ஃபைட்டேட் எதிர்மின்னூட்டம் நிறைந்த மூலக்கூறு. அது வந்து அமரும் இடத்தில் எதிர்மின்னூட்டக்காரர் ஒருவர் நின்று தள்ளிக்கொண்டிருந்ததை மாற்றி, அழைக்கிற ஒருவரை வைத்தார்கள். உச்சப் புள்ளி 5.5 இலிருந்து 3.8க்கு இறங்கியது. பிஎச் 3.5 இல் சோயா ஃபைட்டேட்டை உடைக்கும் திறன் பல மடங்கு கூடியது. குட்டிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வரிதான். சோதனைக் குழாயில் நகர்ந்த பல நொதிகள் வயிறு வரை போனதேயில்லை.

எந்த இடத்தை மாற்றுவது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நொதியின் படத்தைப் பார்த்து, யார் யாருக்கு அண்டை வீடு என்று கணக்கிட்டு மாற்றுவது ஒரு வழி. மேலே சொன்னவற்றில் பலவும் அப்படி வந்தவை. இன்னொரு வழி, கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கான மாற்றங்களைச் செய்து, வேண்டிய பிஎச்சில் எது பிழைக்கிறது என்று சலிப்பது. நெறிப்படுத்திய பரிணாமம் என்ற இந்த முறைக்காக ஃபிரான்சஸ் ஆர்னால்டு 2018 இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்றார். மேற்சொன்ன ஃபைட்டேஸில் 440க்கு மேல் அமினோ அமிலங்கள் உண்டு. 440 என்றே வைத்துக்கொண்டாலும், ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்ற 8,360 வழிகள். இரண்டு இடங்களைச் சேர்த்து மாற்ற ஏறக்குறைய மூன்றரைக் கோடி வழிகள். எல்லாவற்றையும் யாரும் செய்து பார்க்க முடியாது. மேலும், பாக்டீரியாவில் இந்த விளையாட்டு சுலபம். பூஞ்சை நொதிகள் பலவும் மேலே சர்க்கரைப் போர்வையும் உள்ளே கந்தகப் பாலங்களும் கொண்டவை, பாக்டீரியாவுக்குள் போட்டால் உருக்குலைந்து கட்டியாகிவிடும். ஈஸ்ட்டுக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும், அதற்கு வேகம் குறைவு.

புரதத்தின் வடிவத்தைக் கணினியே சொல்லிவிடும் காலம் வந்துவிட்டது, அதற்கான ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு 2024 இல் நோபலும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் புரோட்டான் இல்லை. சாதாரண எக்ஸ்-கதிர் படத்திலேயே ஹைட்ரஜன் அணுக்கள் பெரும்பாலும் தெரியாது, அவ்வளவு சிறியவை. அண்டை வீடு தெரியும், கையில் கல் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது.

செய்தி படிக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘காரத்தில் வேலை செய்யும் புதிய நொதி’ என்று தலைப்பு வந்தால், எத்தனை நேரம் என்று பாருங்கள். பத்து நிமிடச் சோதனையில் பிஎச் 9 இல் ஓடிய நொதி, இரண்டு மணி நேரத் தொட்டியில் அவிழ்ந்து விழுந்திருக்கலாம். ஓடுவது வேறு, தாங்குவது வேறு. ஓடுவதை மையத்தின் அண்டை வீட்டார் தீர்மானிப்பார்கள். தாங்குவதை முழு உடம்பும் சேர்ந்து தீர்மானிக்கும், மேற்பரப்பில் ஒரே மின்னூட்டம் கூடிப்போனால் நொதி தன்னைத்தானே தள்ளிப் பிரிந்துவிடும். சோதனையில் வைத்த உணவும் முக்கியம். நிறம் மாறும் செயற்கைப் பொருளை வெட்டிக் காட்டிய நொதி நிஜத் தோலிலோ துணியிலோ திணறுவது உண்டு. எதைத் தேடிச் சலிக்கிறாயோ அதுதான் கிடைக்கும் என்பது இந்தத் துறையில் அடிக்கடி அடிபடும் பேச்சு, பெரும்பாலும் வருத்தத்தோடு.

இனி வேட்டிக்கு வருகிறேன். அந்தச் சலவைத் தூளில், பிஎச் 10ஐ ஒட்டிய நீரில், எண்ணெய்க் கறையை உடைக்க லைப்பேஸ் என்ற நொதி சேர்க்கப்படுவது உண்டு. தெர்மோமைசஸ் லானுகினோசஸ் என்ற பூஞ்சையின் சரக்கு, எருக்குழிச் சூட்டில் வளர்வது. அந்தப் பூஞ்சையிடமிருந்து போதுமான அளவு கிடைக்காததால், மரபணுவை எடுத்து ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயில் வைத்து, 1988 இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் லிப்போலேஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காரத்தைப் பிறவியிலேயே தாங்கும் பூஞ்சை நொதி, திருத்தத் தேவையே இல்லை என்று தோன்றும். ஆனால் காரநீரில் நொதியின் மேல் எதிர்மின்னூட்டம் கூடிவிடும். சோப்பும் எதிர்மின்னூட்டம், சோப்பு பூசிய எண்ணெய்த் துளியும் அப்படியே. நொதி கறையை நெருங்கவே முடியாமல் நின்றது. துவைத்து முடித்து மொட்டை மாடியில் காயப்போட்ட பிறகு, துணி பாதி ஈரமாக இருக்கும் நேரத்தில்தான் அது ஒழுங்காக வேலை செய்தது. உடைந்த கொழுப்பு அடுத்த முறை துவைக்கும்போதுதான் வெளியேறும். அதாவது கறை போக இரண்டு சலவை.

பிற்பாடு 231, 233 ஆகிய இரண்டு இடங்களில் நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினினை வைத்தார்கள். கறை இப்போது நொதியைத் தள்ளவில்லை, இழுத்தது. முதல் சலவையிலேயே எண்ணெய் உடைந்தது. உடனே வேறொரு புகார் முளைத்தது: பாலும் வெண்ணெயும் நெய்யும் சிந்திய துணிகள் துவைத்த பிறகு சிக்கு வாடை அடித்தன. பால் கொழுப்பில் உள்ள குட்டையான கொழுப்பமிலங்களை நொதி அத்தனை சுறுசுறுப்பாக வெட்டி விடுதலை செய்திருந்தது. அந்த வாடை வராதபடி நொதியை மறுபடி திருத்த உட்கார்ந்தார்கள்.